முந்திரி மரத்தின் அடியைத் துளைக்கும் வண்டு: தோப்புக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பண்ருட்டி, விருத்தாசலம், ஜெயங்கொண்டம், ஆதனக்கோட்டை என்று முந்திரி விளையும் எந்தப் பக்கம் போனாலும், நல்ல காய்ப்பில் இருந்த மரம் திடீரென்று பட்டுப்போனதாக யாராவது ஒருவர் சொல்வார். அது திடீரென்று நடப்பதில்லை. ஏழெட்டு மாதமாக அடிமரத்துக்குள் நடந்த வேலை கடைசியில்தான் இலையில் தெரிகிறது. எங்கள் குடும்பத்துக்கும் முந்திரித் தோப்பு உண்டு. அண்ணாந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நாங்களும் மரங்களை இழந்திருக்கிறோம். குனிந்து அடியைப் பார்க்கப் பழகிய பிறகுதான் இழப்பு குறைந்தது. தோப்புக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மரத்தைத் துளைப்பது எந்த வண்டு?

முந்திரியில் முதல் எதிரி தண்டு மற்றும் வேர்த் துளைப்பான். அறிவியல் பெயர் பிளோசிடெரஸ் ஃபெருஜினியஸ். இப்போது நியோபிளோசிடெரஸ் என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான். உடம்பைப் போலவே மீசையும் நீளமாக இருக்கும் நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே குடும்பத்தில் பிளோசிடெரஸ் ஒபீசஸ் என்ற இன்னொன்றும், மாமரத்தில் அதிகம் காணப்படும் பெட்டோசெரா என்ற பெரிய வண்டும் முந்திரிக்கு வரும்.

கன்னியாகுமரிப் பக்கம் கொல்லாமரம் என்பார்கள், இலங்கையில் மரமுந்திரிகை என்பார்கள். பெயர் எதுவானாலும் மரம் ஒன்று, அதன் அடியில் வரும் தொல்லையும் ஒன்று. முந்திரி போர்த்துகீசியர் கொண்டுவந்த பிரேசில் நாட்டு மரம். இந்த வண்டுகளோ நம் ஆசியப் பகுதியிலேயே இருந்தவை. வந்த மரத்தை நம் ஊர் வண்டு பிடித்துக்கொண்டது.

சேதம் செய்வது வண்டு அல்ல, அதன் புழு. அதனால் தோப்பில் வண்டைத் தேடி அலைவதில் பயன் குறைவு. இரவில் நடமாடும் பூச்சி அது, பகலில் கண்ணில் படுவதே அபூர்வம். தேட வேண்டியது புழு விட்டுவைக்கும் தடயங்களை.

முதல் அறிகுறி என்ன? எங்கே பார்க்க வேண்டும்?

தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை. அதிலும் முக்கியமாக, மரம் மண்ணைத் தொடும் இடம், மண்ணுக்கு மேலே தெரியும் வேர்கள், கவட்டையிலுள்ள பட்டை வெடிப்புகள். தாய் வண்டு பட்டை வெடிப்பிலும் வெளியே தெரியும் வேரிலும் முட்டையிடும். முட்டை வெளுத்த அரிசி மணி போல இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். நான்கு முதல் ஏழு நாளில் பொரித்து, புழு பட்டைக்குள் நுழைந்துவிடும்.

உள்ளே போனதும் வெளியே இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, சிறு துளை வழியாக வடியும் பிசின். இன்னொன்று, புழு கடித்துத் துப்பிய மரத்தூளும் அதன் கழிவும் கலந்த சக்கை. இது மரத்தின் காலடியில் கொட்டிக் கிடக்கும், அல்லது பிசினோடு சேர்ந்து துளை வாயிலேயே ஒட்டியிருக்கும்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்து மண் செம்மண். புதுச் சக்கையும் செந்தவிட்டு நிறம். போதாததற்குக் காய்ந்த சருகு வேறு மூடிக் கிடக்கும். நின்றபடி பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடவே படாது. நான் செய்வது இதுதான்: மரத்தைச் சுற்றி இரண்டு அடிக்குச் சருகை ஒதுக்கிவிட்டு, அடியில் குவியலாகத் தெரிவதை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பேன். மண் என்றால் நறநறவென்று பொடியும். சக்கை என்றால் நார் நாராக விரலில் நிற்கும். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் ஒரு மூடியில் ஊற்றி அதில் போடுங்கள். மண் அடியில் போய்விடும், மரத்தூள் மிதக்கும்.

பிசின் வடிந்தாலே வண்டுதான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. முந்திரி மரம் எதற்கும் பிசின் விடும். அரிவாள் பட்ட இடம், மாடு உரசிய இடம், டிராக்டர் இடித்த இடம், பூஞ்சை பிடித்த இடம் எல்லாவற்றிலும் வடியும். பிசினை உளி முனையால் பெயர்த்துப் பாருங்கள். கீழே துளையும், துளைக்குள் ஈரமான சக்கையும் இருந்தால் புழுதான். துளை இல்லாமல் பட்டை மட்டும் கருத்தோ வெடித்தோ இருந்தால் காயம் அல்லது நோய்.

பிசினும் சக்கையும் சேர்ந்து, வெல்லப்பாகில் மரத்தூளைப் பிசைந்த மாதிரி இருக்குமே, அது கிட்டத்தட்ட உறுதியான அடையாளம்.

சக்கையைப் பார்த்தே புழு சின்னதா பெரியதா என்று சொல்ல முடியுமா?

முடியும். பழகினால் இது மிகவும் கைகொடுக்கும்.

மாவு மாதிரி நைசான தூள் கொஞ்சமாக வந்தால் புழு சின்னது, இன்னும் பட்டைக்கு அடியிலேயே இருக்கிறது. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் மரத்துக்கு அநேகமாக ஒரு சேதமும் இல்லாமல் எடுத்துவிடலாம். சீவல் சீவலாக, நார் நாராகக் கொட்டினால் புழு வளர்ந்துவிட்டது, வேலை ஆழமாக நடக்கிறது. விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த புழு ஒரு வாரத்தில் தள்ளும் சக்கை கைநிறைய இருக்கும்.

நிறத்தையும் ஈரத்தையும் பாருங்கள். ஈரமாக, செந்நிறமாக, புது மர வாசனையோடு இருந்தால் புழு உள்ளே உயிரோடு தின்றுகொண்டிருக்கிறது. வெளுத்துக் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தால் அது பழைய தடயம். உள்ளே புழு கூட்டுப்பருவத்துக்குப் போயிருக்கலாம், அல்லது வண்டாகி வெளியேறியிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் இருக்கிற சக்கையை முழுக்கத் துடைத்துவிட்டு, துளையைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் புதுச் சக்கை வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எருக்குழியில் கிடக்கும் வெள்ளைப் புழுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு எருவே போடாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

எருக்குழியில் இருப்பது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. அது வளைந்து அரைவட்டமாகக் கிடக்கும், கையில் எடுத்தால் சுருண்டுகொள்ளும், மார்புக்குக் கீழே ஆறு கால்கள் நன்றாகத் தெரியும். அது தென்னைக்கு எதிரி, முந்திரி அடிமரத்தைத் துளைப்பதில்லை.

தண்டுத் துளைப்பான் புழு நேராக நீண்டிருக்கும். மங்கிய வெள்ளை, தந்தத்தின் நிறம் என்று சொல்லலாம். கால் இருப்பதே தெரியாது. தலை சிறியது, பழுப்பு நிறம், பாதிக்கு மேல் அகன்ற மார்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். உடம்பு முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கும், அந்த மடிப்புகளை ஊன்றித்தான் சுரங்கத்துக்குள் நகர்கிறது. முழுதாக வளர்ந்தால் 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை போகும். வாய் மட்டும் கருப்பாக, கெட்டியாக இருக்கும். உளி முனையைக் கிட்டே கொண்டுபோனால் அதையே கடிக்கப் பார்க்கும்.

நான் ஒரு பெரிய வண்டைப் பிடித்தேன். அது எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீசையைப் பாருங்கள். உடம்பு அளவுக்கோ அதைவிட நீளமாகவோ மீசை இருந்தால் நீள்கொம்பு வண்டுக் குடும்பம். அப்புறம் நிறம்.

முதுகு செம்பழுப்பாகவும், தலையும் மார்பும் அதைவிடக் கருத்தும், நீளம் 2.5 முதல் 4 சென்டிமீட்டருமாக இருந்தால் பிளோசிடெரஸ் ஃபெருஜினியஸ். ஒபீசஸ் இனத்தையும் இதையும் வெறும் கண்ணால் பிரிப்பது சிரமம். செய்ய வேண்டிய வேலை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னும் பெரிதாக, சாம்பல் நிறத்தில், மார்பின் மேல் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பில் இரண்டு புள்ளியும் பக்கவாட்டில் முள்ளும் இருந்தால் அது பெட்டோசெரா. மா, பலா, அத்தி, முருங்கை என்று பல மரங்களில் இருக்கும். பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் ஒரே வேலிக்குள் நிற்கிற தோப்புகள் ஏராளம். அங்கே பலாவின் தண்டையும் சேர்த்தே பாருங்கள்.

உலோகம் மாதிரிப் பளபளப்பாக, மீசை குட்டையாக இருந்தால் பொன்வண்டுக் குடும்பம். சின்ன வயதில் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்தோமே, அந்தப் பொன்வண்டின் உறவுக்காரர்கள். இவற்றில் சில இனங்களின் புழுக்களும் மரத்தைத் துளைக்கும். ஆனால் அவற்றின் முன்பக்கம் தட்டிவிட்டதுபோல் சப்பையாக இருக்கும், துளையும் சப்பையாக இருக்கும். பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்த மரத்தைத்தான் நாடும்.

பட்டை மேல் நீள நீளமாகத் தூள் ஒட்டியிருக்கிறது. இதுவும் அதே புழுவா?

பட்டு நூலில் கோத்த மாதிரி, மரத்தூளும் கழிவும் சேர்ந்து நாடா போலப் பட்டை மேல் ஓடினால் அது பட்டைத்தின்னிப் புழு. அது வண்டின் புழு அல்ல, அந்துப்பூச்சியின் புழு. இரவில் அந்த நாடாவுக்குள் ஒளிந்து வந்து பட்டையைத் தின்னும், பகலில் கிளைக் கவட்டையிலுள்ள துளைக்குள் இருக்கும். நாடாவைத் துடைத்துவிட்டுத் துளைக்குள் கம்பி விட்டால் போதும். மரத்தைக் கொல்லும் அளவுக்குப் போவது குறைவு.

மண்பூச்சு ஏறியிருந்தால் கரையான். பிசின் இருக்காது, தூள் இருக்காது, பூச்சைச் சுரண்டினால் வெள்ளைக் கரையான் ஓடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். வண்டுப் புழு தின்று செத்துக்கொண்டிருக்கும் மரத்திலும் பிற்பாடு கரையான் ஏறும். "கரையான் அரித்து மரம் போச்சு" என்று சொல்லப்படும் மரங்கள் பலவற்றில் பட்டையை உரித்துப் பார்த்தால் உள்ளே புழுவின் சுரங்கம் இருக்கும்.

நுனிக்கொழுந்தும் பூங்கொத்தும் மட்டும் கருகினால் தேயிலைக் கொசு. அது சாறு உறிஞ்சும் பூச்சி, அடிமரத்தில் ஒரு தடயமும் இருக்காது.

குண்டூசியால் குத்திய மாதிரித் துளைகள் நிறைய இருக்கின்றன. அது என்ன?

எள்ளளவுள்ள சிறு வண்டுகள். அரிசி மாவு போன்ற வெள்ளைத் தூள் வரும். இவை பெரும்பாலும் வேறு காரணத்தால் நலிந்த மரத்துக்குத்தான் வரும். ஆகவே அந்த வேறு காரணத்தைத் தேடுங்கள். அடிமரத்தில் பெரிய புழு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இலை மஞ்சளாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

வருத்தமான பதில்தான். முந்திரியில் இந்தப் புழுவால் இலை மஞ்சளானால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். வேர் உறிஞ்சும் தண்ணீர் மரக்கட்டை வழியாக மேலே போகிறது. இலை சமைக்கும் உணவு பட்டையின் உள்பக்கம் வழியாகக் கீழே வேருக்கு வருகிறது. புழு தின்பது முக்கியமாக இந்தப் பட்டையின் உள்பக்கத்தையும் அதை ஒட்டிய இளம் மரத்தையும்தான். ஊரில் வேண்டாத மரத்தைச் சாகடிக்க அடியில் பட்டையை வளையமாக உரித்துவிடுவார்கள் இல்லையா? பல புழுக்கள் சேர்ந்து சுற்றிச் சுற்றித் தின்றால் அதேதான் நடக்கிறது. வேர் பட்டினி கிடக்கும். தண்ணீர் மட்டும் மேலே போய்க்கொண்டிருப்பதால் இலை சில மாதம் பச்சையாகவே இருக்கும். வேர் தளர்ந்த பிறகுதான் இலை வெளிறும், உதிரும், சுள்ளி காயும்.

பொதுவான பரிந்துரை இது: அடிமரச் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை போயிருந்தாலோ, இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்திருந்தாலோ அந்த மரத்தை எடுத்துவிட வேண்டும். பாதிக்குக் கீழே, இலை பச்சையாக இருந்தால் புழுவை எடுத்து மரத்தைக் காப்பாற்றலாம். கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டி, எவ்வளவு தூரம் பட்டை செத்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். கண் மதிப்பில் நம் மனசு எப்போதும் குறைத்தே சொல்லும். நன்றாகக் காய்த்த மரத்தை வெட்ட யாருக்கும் கை வராது, எனக்கும் வராது. ஆனால் அந்த ஒரு மரத்துக்குள் இருக்கும் புழுக்கள் வண்டாகிப் பக்கத்து மரங்களுக்குத்தான் போகும்.

எந்த மாதத்தில் பார்க்க வேண்டும்?

வருடம் முழுவதும் தாக்குதல் இருக்கும். ஆனால் முட்டையிடுவது டிசம்பர் முதல் மே வரை அதிகம். நமக்கு இதில் ஒரு வசதி. கொட்டை பொறுக்குவதற்காக மாசி பங்குனியில் மரத்தடியை எப்படியும் கூட்டிச் சுத்தம் செய்கிறோம். கூட்டுகிறவர்களிடம், "அடியில தூளு கிடந்தா மரத்துல ஒரு துணி கட்டிட்டு வாங்க" என்று சொல்லி, கிழிந்த துணி நாலைந்து கொடுத்துவிடுங்கள். எங்கள் தோப்பில் அதிக மரங்களைக் கண்டுபிடித்தது கொட்டை பொறுக்க வரும் பெண்கள்தான். நாள் முழுக்கக் குனிந்து தரையைப் பார்ப்பவர்கள் அவர்கள், அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

அறுவடை முடிந்ததும் தோப்பு மறந்துபோகும். அப்போதுதான் புழு வளர்கிறது. புழுப்பருவம் மட்டும் ஆறேழு மாதம். ஆகவே ஆனி ஆடியில் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை என்று மறுபடி சுற்றி வாருங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட மரங்களில் தாக்குதல் அதிகம். நேரம் குறைவென்றால் அவற்றையும், போன வருடம் புழு எடுத்த மரங்களையும், அவற்றுக்குப் பக்கத்து மரங்களையும் முதலில் பாருங்கள். ஏற்கெனவே புழு இருக்கும் மரத்தின் வாசனையே தாய் வண்டை இழுக்கும்.

புழுவை எப்படி எடுப்பது?

ஒரு அங்குல உளி, சின்னச் சுத்தியல், சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை முனையில் கொக்கியாக வளைத்தது, ஒரு தகர டப்பா. கையுறை கட்டாயம். முந்திரிப் பட்டையின் பால் பட்டால் தோல் வெந்து புண்ணாகும் என்பது தோப்புக்காரர்களுக்குத் தெரியும், ஆனாலும் அவசரத்தில் மறந்துவிடுவோம்.

முதலில் சக்கையை முழுக்கத் துடைத்துவிட்டு, பட்டையை உளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பட்டை கெட்டிச் சத்தம் தரும். அடியில் சுரங்கம் இருந்தால் பொத்தென்று சத்தம் வரும். பொத்தென்ற இடத்தில் மட்டும் பட்டையைச் செதுக்குங்கள். உள்ளே சக்கை அடைத்த கோணல்மாணலான பாதை தெரியும். அதிலேயே போக வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது. சக்கை காய்ந்திருக்கும் பக்கம் புழு வந்த வழி, ஈரமாக இருக்கும் பக்கம் அது போயிருக்கும் வழி. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் புழு கிடைக்கும். மரத்துக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் கம்பியை விட்டுக் குத்துங்கள். முனையில் வெள்ளைப் பால் போல் ஒட்டி வந்தால் புழு செத்தது.

ஒரு புழுவோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே மரத்தில் வெவ்வேறு வயதில் பல புழுக்கள் இருப்பது வழக்கம். மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தையும் அரையடி தோண்டிப் பாருங்கள். இந்த இடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் வருடம் விட்டேன். மேலே மூன்று புழு எடுத்துவிட்டு மரம் தப்பித்தது என்று திரும்பி வந்தேன். அடுத்த பங்குனியில் அது காய்ந்து நின்றது. வெட்டிப் பார்த்தபோது வேரில் இரண்டு சுண்ணாம்புக் கூடுகள்.

சுண்ணாம்புக் கூடு என்றால்?

முழுதாக வளர்ந்த புழு, மரத்துக்குள்ளோ வேருக்குள்ளோ ஓர் அறை குடைந்து, தன்னைச் சுற்றி வெள்ளையாக, கெட்டியாக, முட்டை ஓடு போன்ற ஒரு கூட்டைக் கட்டிக்கொள்ளும். பார்த்தால் யாரோ முட்டையை மரத்துக்குள் வைத்த மாதிரி இருக்கும். அதற்குள்தான் கூட்டுப்புழுவாகி வண்டாகிறது. வண்டான பிறகும் சில காலம் அதற்குள்ளேயே காத்திருக்கும். கூடு கிடைத்தால் உடைத்துப் பாருங்கள். வெறுமையாக, ஒரு பக்கம் ஓட்டையாக இருந்தால் வண்டு போய்விட்டது. அப்படியானால் சுற்றியுள்ள மரங்களை அந்த வாரமே பார்க்க வேண்டும்.

பட்டுப்போன மரத்தை வெட்டி விறகுக்கு அடுக்கி வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

இதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் கேள்வி. வெட்டி, அந்தத் தோப்பு ஓரத்திலேயே அடுக்கி, நல்ல விலை வரட்டும் என்று ஆறு மாதம் போட்டு வைக்கிறார்கள். மரம் செத்தாலும் உள்ளே இருக்கும் பெரிய புழு சாவதில்லை. வெட்டிய கட்டைக்குள்ளேயே வளர்ச்சியை முடித்து, கூடு கட்டி, வண்டாகி வெளியே வரும். அடுக்கிய விறகு வண்டுப் பண்ணை ஆகிவிடுகிறது.

அடிக்கட்டையும் வேரும் அதைவிட மோசம். மேல்மரத்தை வெட்டி எடுத்துவிட்டு அடிக்கட்டையைத் தரையிலேயே விட்டால், புழு இருக்கும் பகுதியை விட்டுவிட்டு இல்லாத பகுதியை எடுத்துப் போகிறோம் என்று அர்த்தம். வேரோடு தோண்டுங்கள். பட்டையை உரித்து, கிடைக்கும் புழுவையும் கூட்டையும் அழித்துவிட்டு, அடிப்பகுதியை உடனே பிளந்து எரிக்கவோ சூளைக்கு ஏற்றவோ செய்யுங்கள். கிளை விறகை அடுக்கி வைப்பதில் ஆபத்து குறைவு. வருடத்துக்கு ஒரு முறையாவது தோப்பில் செத்த மரம் ஒன்றுகூட நிற்காதபடி பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

புயலில் சாய்ந்த மரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகள் எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முந்திரி பாதி வேர் மண்ணில் இருந்தாலே துளிர்த்துவிடும். அதனால் சாய்ந்த மரத்தை வெட்ட மனசு வராது. விடுவதில் தப்பில்லை. ஆனால் பிளந்த பட்டையும் வெளியே தெரியும் வேரும் இந்த வண்டு முட்டையிட நாடும் இடங்கள். அப்படிப்பட்ட மரத்தை மாதம் ஒரு முறை பார்க்க முடியும் என்றால் விடுங்கள். வேர்களை மண் அணைத்து மூடுங்கள்.

மருந்து அடித்தால் போதாதா?

புழு பட்டைக்குள் இருக்கிறது, மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. மருந்து என்பது புழுவை எடுத்த பிறகும், முட்டையிட வரும் வண்டைத் தடுக்கவும்தான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறைகளில் நான் விரும்பிச் செய்வது வேப்பெண்ணெய் 5 சதவீதம். ஒரு லிட்டர் கரைசலில் 50 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணீரோடு கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப். அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கும், வெளியே தெரியும் வேருக்கும் நன்றாக ஊறும்படி தூரிகையால் பூச வேண்டும். ஜனவரி பிப்ரவரியில் ஒரு முறை, மே ஜூனில் ஒரு முறை, செப்டம்பர் அக்டோபரில் ஒரு முறை. ஒரு பங்கு தாருக்கு இரண்டு பங்கு மண்ணெண்ணெய் கலந்து பூசுவதும் பழைய முறை. புழு எடுத்த மரத்தடியில் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து போடுவதும் உண்டு.

பழைய கையேடுகளில் லிண்டேன், கார்பரில் என்று எழுதியிருக்கும். இரண்டுமே இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. கார்பரிலுக்கு 2018-ல் தடை வந்தது. வேரில் பையைக் கட்டி மோனோகுரோட்டோபாஸ் கொடுக்கும் முறையும் பழைய குறிப்புகளில் வரும். அது கொடிய நஞ்சு. கொட்டையை உலகமே சாப்பிடுகிறது, பழத்தை நம் பிள்ளைகள் மரத்தடியிலேயே கடிக்கிறார்கள். அந்த மருந்தைத் தொடாதீர்கள். வேறு மருந்து தேவைப்பட்டால் இப்போது அனுமதியில் இருப்பது எது என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டே வாங்குங்கள். ஒரு கடையில் கொடுத்த தூளை நம்பிப் பூசி ஒரு பருவத்தை வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு. புழு உள்ளேயே இருந்தது.

இது தென்னைக்கும் வருமா?

வராது. தென்னையில் கொண்டையைத் துளைப்பது காண்டாமிருக வண்டு. தண்டைத் துளைப்பது சிவப்புக் கூன்வண்டின் புழு. அவை வேறு, அவற்றுக்கான வைத்தியமும் வேறு.

பக்கத்துத் தோப்புக்காரர் கண்டுகொள்வதே இல்லை. நான் மட்டும் பார்த்து என்ன பயன்?

பயன் உண்டு. புழுவை எடுத்த மரம் உங்கள் மரம், அது பிழைக்கும். ஆனால் அவர் தோப்பில் நான்கு செத்த மரம் நின்றால் உங்கள் வேலி ஓர மரங்களுக்கு வண்டு வந்துகொண்டேதான் இருக்கும். சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. ஒரு புழுவை டப்பாவில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். கட்டைவிரல் தடிமனில் நெளிவதைப் பார்த்ததும் பெரும்பாலோர், "அண்ணே, என் மரத்தையும் கொஞ்சம் பாருங்க" என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள் அவருக்கு நீங்கள் போங்கள், ஒரு நாள் உங்களுக்கு அவர் வரட்டும்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அலுவலரிடம் காட்ட எதை எடுத்துப் போக வேண்டும்?

வெறும் இலையை எடுத்துப் போகாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. புதுச் சக்கை ஒரு கைப்பிடி, காகிதப் பொட்டலத்தில். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடித்துவிடும். புழு கிடைத்தால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, பிறகு ஸ்பிரிட்டில் வையுங்கள், கருக்காமல் இருக்கும். சுரங்கம் தெரியும்படி உள்ளங்கை அளவு பட்டை ஒன்று. கைபேசியில் மூன்று படம்: முழு மரம் ஒன்று, அடிமரம் ஒன்று, துளைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒன்று. மரத்தின் வயது, எந்த மாதம் முதலில் பார்த்தீர்கள், பக்கத்தில் எத்தனை மரத்தில் இப்படி இருக்கிறது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடலூர், அரியலூர்ப் பக்கத்தவர்கள் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கே போகலாம், முந்திரி ஆராய்ச்சி நடக்கும் இடம் அது. போவதற்கு முன் அந்த மரத்தில் மறக்காமல் துணியைக் கட்டிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து தேடினால் நூறு மரத்தில் அது எந்த மரம் என்று தெரியாமல் போய்விடும்.